ஆற்றுநீரிலிருந்து பாறைச் சிதைவுக் கணக்கு: காவிரிப் படுகைக்கான செய்முறை

ஆற்றுநீரில் அளந்த பைகார்பனேட்டை ஆண்டு நீரோட்டத்தால் பெருக்கி, "இவ்வளவு கார்பன் டை ஆக்சைடைப் பாறை உறிஞ்சியது" என்று முடித்துவிடுகிற ஆய்வேடுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெருக்கலில் பிழை இருக்காது. ஆனாலும் விடை இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கு மேலும் பிசகியிருக்கும். நீரில் உள்ள ஒவ்வொரு அயனியும் எங்கிருந்து வந்தது என்று பிரித்த பிறகுதான் பெருக்கலில் கை வைக்க வேண்டும். அந்தப் பிரிப்பை ஒழுங்காகச் செய்வதற்கான வழி இது. முதுகலை மாணவர்கள், கல்லூரி ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் கையிலுள்ள கருவிகளைக் கொண்டே பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

வேதியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பார், ஹார்ன்பிளெண்ட் போன்ற சிலிக்கேட் கனிமங்களை அரித்தால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவை கரைந்து வெளியேறும், கொஞ்சம் சிலிக்கா கரையும், களிமண் மிஞ்சும். நீரில் சேரும் பைகார்பனேட் முழுவதும் காற்றிலிருந்து வந்த கார்பன். சுண்ணாம்புக்கல்லை அரித்தாலோ ஒவ்வொரு கால்சியத்துக்கும் இரண்டு பைகார்பனேட் உண்டாகும். அவற்றில் ஒன்றுதான் காற்றுடையது, மற்றது கல்லிலேயே இருந்த கார்பன். இந்த நீர் கடலுக்குப் போய், அங்குள்ள உயிரிகள் ஓடு கட்டும்போது இரண்டில் ஒரு பைகார்பனேட் மறுபடி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகிறது. ஆகவே நீண்ட காலக் கணக்கில் சுண்ணாம்புக்கல் சிதைவால் காற்றுக்கு வரவுமில்லை, செலவுமில்லை. சிலிக்கேட் சிதைவு மட்டுமே காற்றிலிருந்து கார்பனை நிலையாகக் கழிக்கிறது. 1845இல் பிரெஞ்சு வேதியியலர் எபெல்மனும், 1952இல் அமெரிக்க வேதியியலர் ஹரால்டு யூரியும் இதைத்தான் சுட்டினார்கள். வெப்பம் கூடினால் சிதைவு கூடும், சிதைவு கூடினால் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்ற பூமியின் தன்னொழுங்குக் கருத்தை 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் முன்வைத்தார்கள்.

இடத் தேர்வு

காவிரிப் படுகையின் பரப்பு 81,155 சதுர கி.மீ. குடகு முதல் ஈரோடு வரை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட். பார்த்தால் முழுக்க சிலிக்கேட் நாடுதான். ஆனால் அப்படி நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் நைஸுக்கு நடுவே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் ஓடுகின்றன. சிமெண்டு ஆலைகள் அங்கே வந்ததே அதற்காகத்தான். சேலம் சுண்ணாம்புக் கரட்டில் கிடைப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுற்றி மெக்னீசியம் மிகுந்த டுனைட் பாறை. கீழ்ப்பகுதியில் டால்மியாபுரம், அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் காலச் சுண்ணாம்புக்கல். அங்கே காரை என்ற ஊரின் களிப்பாறைகளில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) நரம்புகள். இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சுக்கான்கல். மழை குறைந்த மைசூர் மேட்டிலும் கொங்குப் பகுதியிலும் மண்ணுக்குள்ளேயே முடிச்சு முடிச்சாக விளைந்து கிடக்கும் அது, நிலவியல் வரைபடத்தில் பெரும்பாலும் காட்டப்பட்டிருக்காது. கால் படுகிற இடத்தில் மண்ணைக் கிளறி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கினால் அங்கே சுக்கான் இருக்கிறது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் வரைபடத்தை இறக்கிக்கொண்டு, ஒரே வகைப் பாறை மேல் ஓடும் சிற்றோடைகள் மூன்று நான்கையாவது முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆற்றின் கணக்கைப் பிரிக்கத் தேவையான விகிதங்கள் இந்தச் சிற்றோடைகளிலிருந்துதான் கிடைக்கும். அதன் பிறகு முதன்மை ஆற்றில் நீரளவை நிலையம் இருக்கும் இடங்கள்: பிலிகுண்டுலு, ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி போன்றவை. நீரோட்ட அளவு இல்லாத இடத்தில் எடுத்த மாதிரியால் அடர்வு மட்டுமே கிடைக்கும், ஆண்டுக் கணக்குக்கு உதவாது.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் பாறையின் கையெழுத்தைத் தேடாதீர்கள். சாயப்பட்டறைகள் பயன்படுத்திய சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் அந்த ஆற்றின் வேதியியலையே மாற்றிவிட்டன. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் நிலத்தடியில் தங்கிய உப்பு கசிந்துகொண்டுதான் இருக்கும். சேலம் நகரத்தைக் கடந்த திருமணிமுத்தாறும் அப்படியே. மேட்டூர் போன்ற பெரிய அணைக்குக் கீழே எடுத்தால் இன்னொரு சிக்கல்: தேங்கிய நீரில் டயாட்டம் பாசிகள் சிலிக்காவை உண்டுவிடும், கோடையில் பாசி பெருகி பி.எச். ஏறும்போது கால்சியம் கார்பனேட் படிந்துவிடும். மேல்படுகைக் கணக்கு வேண்டுமானால் அணைக்கு மேலே, பிலிகுண்டுலுவில் எடுப்பது நல்லது.

பவானியும் காவிரியும் சேரும் கூடுதுறை போன்ற சங்கமங்களுக்குக் கீழே உடனே எடுக்காதீர்கள். இரண்டு ஆற்று நீரும் பல கி.மீ. தூரம் கலக்காமல் கரைக்கொன்றாக ஓடும். பவானி தனி, காவிரி தனி என்று சங்கமத்துக்கு மேலேயே எடுத்துவிடுங்கள்.

குடுவைகளும் கழுவலும்

ஒரு மாதிரிக்கு நான்கு குடுவை. எல்லாம் பாலிஎத்திலீன், கண்ணாடி வேண்டாம், அது சிலிக்காவும் சோடியமும் விடும்.

முதல் குடுவை, 60 மி.லி., நேர்மின் அயனிகளுக்கு. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் ஐந்தாறு முறை அலசிக் காயவைக்க வேண்டும். இரண்டாவது, 60 மி.லி., எதிர்மின் அயனிகளுக்கு. இதை அமிலத்தில் ஊறவைக்கவே கூடாது. சுவரில் ஒட்டிய குளோரைடு மாதிரியில் இறங்கும். அயனி நீக்கிய நீரே போதும். மூன்றாவது, 60 மி.லி., சிலிக்காவுக்கு, அமிலம் சேர்க்க வேண்டாம், உறையவும் விடக்கூடாது, உறைந்தால் சிலிக்கா ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மாலிப்டேட்டுக்குப் பிடிபடாமல் போகும். நான்காவது, 125 மி.லி., காரத்தன்மைக்கு (அமிலத்தை நடுநிலையாக்கும் திறன்; இந்த நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவே), மூடியைத் திருகும்போது காற்றுக் குமிழி தங்காதபடி தளும்ப நிரப்ப வேண்டும்.

கறுப்பு மார்க்கரால் மூடியில் மட்டும் எழுதுகிறவர்கள் பலர். ஆய்வுக்கூடத்தில் மூடிகள் மாறும். குடுவையின் உடம்பில் எழுதுங்கள்.

ஆற்றங்கரையில்

பாலத்தின் நடுவிலிருந்து, நைலான் கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளியை இறக்கி எடுங்கள். இரும்பு வாளி வேண்டாம். ஆற்றுநீரிலேயே வாளியை மூன்று முறை அலசிக் கொட்டிய பிறகு நான்காவது வாளி நீர்தான் மாதிரி. பாலம் இல்லையென்றால் பரிசல். கரையோரம் தேங்கிய நீரும், துணி துவைக்கும் படித்துறைக்குக் கீழே உள்ள நீரும் ஆகாது.

பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றையும் அங்கேயே அளக்க வேண்டும். பி.எச். மீட்டரை அன்று காலை 4, 7, 10 கரைசல்களிலும், கடத்துத்திறன் மீட்டரை 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலிலும் சரிபார்த்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு அளந்த பி.எச். பயனற்றது; வழியிலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி எண் ஏறியிருக்கும். காரத்தன்மைக்கு அந்தப் பயம் இல்லை, வாயு வெளியேறினாலும் அது மாறாது. ஆனால் குடுவைக்குள் கால்சைட் படியத் தொடங்கினால் குறைந்துவிடும்.

அடுத்தது வடிகட்டல். 0.45 மைக்ரான் செல்லுலோஸ் அசிட்டேட் வடிதாள், 50 மி.லி. சிரிஞ்ச். முதல் 20 மி.லி.யைக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். வெள்ளக் காலத்தில் வண்டல் அடைத்து ஒரு மாதிரிக்கே நான்கைந்து வடிதாள் போகும். கணக்குப் பார்த்து எடுத்துப் போங்கள். நேர்மின் அயனிக் குடுவையில் மட்டும், வடிகட்டிய பிறகு, தூய்மை மிகுந்த அடர் நைட்ரிக் அமிலம் 0.1 மி.லி., அதாவது இரண்டு சொட்டு.

இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு. வடிகட்டாத நீரில் அமிலம் விட்டால் மிதக்கும் வண்டலில் இருக்கும் சுக்கான் துகள் அங்கேயே கரைந்து கால்சியத்தை ஏற்றிவிடும், களிமண்ணில் ஒட்டியிருந்த மெக்னீசியமும் பொட்டாசியமும் இறங்கிவரும். பிற்பாடு மின்சமநிலை (நேர்மின், எதிர்மின் கூட்டுத்தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்பது) பார்க்கும்போது நேர்மின் பக்கம் 15, 20 சதவீதம் தூக்கி நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

காரத்தன்மை

முழு வேலையிலும் இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். முடிந்தால் ஆற்றங்கரையிலேயே, இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தரம்பார்த்தாக வேண்டும், அதாவது வலிமை தெரிந்த அமிலத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அளக்க வேண்டும்.

வடிகட்டிய நீர் 50 மி.லி. எடுத்து, 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பாருங்கள். அமிலத்தின் வலிமையை உலர்ந்த சோடியம் கார்பனேட்டைக் கொண்டு நீங்களே நிர்ணயித்திருக்க வேண்டும். புட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பக்கூடாது. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவதை வைத்து முடிவுப்புள்ளி பார்ப்பது குழாய்நீர் பரிசோதனைக்குச் சரி. நைஸ் பகுதி ஓடையில் லிட்டருக்கு 1.2 மில்லிசமானம் (மில்லிமோலை மின்னூட்டத்தால் பெருக்கியது) அளவில்தான் காரத்தன்மை இருக்கும், 50 மி.லி.க்குச் செலவாகும் அமிலம் 3 மி.லி. அளவுதான். நிறத்தைக் கண்ணால் பிடிப்பதில் 0.15 மி.லி. தவறினாலே 5 சதவீதம் போய்விடும்.

அதனால் கிரான் முறை. பி.எச். 4.5க்குக் கீழே வந்ததும் 0.1 மி.லி. வீதம் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பி.எச். நிலைத்த பிறகு குறித்து, 3 வரை போங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் (மாதிரியின் கன அளவு + சேர்த்த அமிலம்) × 10இன் மைனஸ் பி.எச். அடுக்கு என்று கணக்கிட்டு, சேர்த்த அமிலத்துக்கு எதிரே வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோடு கிடையச்சை வெட்டும் இடமே முடிவுப்புள்ளி. கோடு வளைந்தால் மின்முனை அழுக்கடைந்திருக்கிறது, அல்லது அவசரப்பட்டுக் குறித்திருக்கிறீர்கள்.

ஆய்வுக்கூடத்தில்

சோடியம், பொட்டாசியம்: ஃபிளேம் போட்டோமீட்டர் போதும். கால்சியம், மெக்னீசியம்: ஐ.சி.பி. (பிளாஸ்மா நிறமாலை) கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல், பி.எச். 10இல் மொத்தக் கடினத்தன்மை, 12க்கு மேல் கால்சியம் மட்டும். இரண்டையும் கழித்துத்தான் மெக்னீசியம் வரும் என்பதால் இரண்டின் பிழையும் அதன் தலையில் விழும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

குளோரைடு, சல்பேட், நைட்ரேட்டுக்கு அயனி குரோமட்டோகிராஃபி வேண்டும், காசு கொடுத்து வெளியே அனுப்பினாலும் பரவாயில்லை. சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தலும், பேரியம் குளோரைடு கலங்கல் முறையும் லிட்டருக்கு 5 மி.கி. அளவில் தடுமாறும். இங்கே குளோரைடில் செய்யும் தவறு, சோடியத்தில் எதிரொலித்து, அங்கிருந்து கடைசி விடைவரை போகிறது.

சிலிக்காவுக்கு மாலிப்டேட் மஞ்சள் முறை, 410 நானோமீட்டர். பாஸ்பேட்டின் குறுக்கீட்டைத் தடுக்க ஆக்சாலிக் அமிலம். பிளாஸ்டிக் பாத்திரங்கள்.

அலகு மாற்றத்தில் நடக்கும் குளறுபடிகளுக்குக் கணக்கே இல்லை. வெளி ஆய்வுக்கூடங்கள் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் "கால்சியம் கார்பனேட்டாக" லிட்டருக்கு மி.கி. என்று தரும். அதை 50ஆல் வகுத்தால் லிட்டருக்கு மில்லிசமானம் கிடைக்கும். பைகார்பனேட்டின் 61ஆல் வகுத்துவிட்டால் விடை 18 சதவீதம் குறைந்துவிடும். எல்லாவற்றையும் லிட்டருக்கு மைக்ரோமோல் என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டு மேலே போங்கள்.

கணக்கு, ஒரு மாதிரியைக் கொண்டு

விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. நைஸ் பகுதி ஓடை ஒன்றில் மழைக்காலத்தில் எதிர்பார்க்கத்தக்க அளவில் வைத்திருக்கிறோம். லிட்டருக்கு மைக்ரோமோலில்: சோடியம் 420, பொட்டாசியம் 35, மெக்னீசியம் 210, கால்சியம் 330, குளோரைடு 180, சல்பேட் 40, நைட்ரேட் 20, பைகார்பனேட் 1220, சிலிக்கா 380.

முதலில் மின்சமநிலை. இரட்டை மின்னூட்ட அயனிகளை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் நேர்மின் பக்கம் 1535, எதிர்மின் பக்கம் 1500 மைக்ரோசமானம். வித்தியாசம் 35, நேர்மின் கூட்டுத்தொகையில் 2.3 சதவீதம். 5க்குள் இருந்தால் தொடரலாம். 10ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடுங்கள், சரிக்கட்டப் பார்க்காதீர்கள். இன்னொரு விரைவுச் சோதனை: மில்லிசமானத்தை 100ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கடத்துத்திறன் வர வேண்டும். இங்கே சுமார் 150 மைக்ரோசீமென்ஸ். ஆற்றங்கரையில் மீட்டர் 300 காட்டியிருந்தால் எங்கோ ஒரு காரணி 2 தொலைந்துபோயிருக்கிறது.

அடுத்து மழையின் பங்கு. அந்த வடிநிலத்தில் பெய்த மழையையும் சேகரித்திருக்க வேண்டும்: பாலிஎத்திலீன் புனலும் குடுவையும், மழை தொடங்கும்போது திறந்து, விட்டதும் மூட வேண்டும். வாரம் முழுக்கத் திறந்து வைத்தால் அதில் விழுவது பாதி புழுதி. மழையில் குளோரைடு 40, ஆண்டு மழை 900 மி.மீ., ஆற்றில் ஓடியது 300 மி.மீ. என்று கொள்வோம். மீதி ஆவியாகிவிட்டதால் மழையின் உப்பு மூன்று மடங்கு செறிந்திருக்கும்: 120. இதன் கூட வந்த மற்ற அயனிகளை மழைநீரின் விகிதத்தால் கழிக்க வேண்டும். மழை அளவீடு இல்லாவிட்டால் கடல்நீர் விகிதம்: ஒரு குளோரைடுக்குச் சோடியம் 0.86, மெக்னீசியம் 0.097, கால்சியம் 0.019, பொட்டாசியம் 0.019, சல்பேட் 0.052. உள்நாட்டு மழையில் புழுதியால் கால்சியம் கூடுதலாக இருக்கும் என்பதால் இது இரண்டாம்தரம்தான்.

மழைச் சோடியம் 103. மீதமுள்ள குளோரைடு 60. அது வீட்டுக் கழிவிலிருந்தும் உப்பிலிருந்தும் வந்தது என்று கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியம் 60ஐயும் கழிக்கிறோம். சுற்றிலும் வாழையும் கரும்பும் இருந்து விவசாயிகள் பொட்டாஷ் உரம் போடுகிறார்கள் என்றால் அந்தக் குளோரைடின் ஒரு பகுதிக்கு ஜோடி பொட்டாசியம். அப்போது சோடியத்தைக் குறைவாகக் கழிக்க வேண்டும். நிலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கே சிலிக்கேட் சோடியம் 257 நிற்கிறது. மற்றவற்றில் மழைப் பங்கை மட்டும் கழித்தால் பொட்டாசியம் 33, மெக்னீசியம் 198, கால்சியம் 328.

சோடியமும் பொட்டாசியமும் சிலிக்கேட்டிலிருந்துதான் வந்தவை. கால்சியமும் மெக்னீசியமும் இரண்டு வழியிலும் வரும். அவற்றைப் பிரிக்க, தூய சிலிக்கேட் வடிநிலத்தின் விகிதம் வேண்டும். உலகின் 60 பெரிய ஆறுகளை வைத்து 1999இல் கயார்தே குழு பயன்படுத்திய எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: சிலிக்கேட்டுக்குக் கால்சியம்/சோடியம் 0.35, ஏற்ற இறக்கம் 0.15, மெக்னீசியம்/சோடியம் 0.24, ஏற்ற இறக்கம் 0.12. அவற்றைப் போட்டால் சிலிக்கேட் கால்சியம் 90, மெக்னீசியம் 62.

சிலிக்கேட் சிதைவு வாங்கிய கார்பன் டை ஆக்சைடு = சோடியம் + பொட்டாசியம் + 2 × கால்சியம் + 2 × மெக்னீசியம் = 257 + 33 + 180 + 124 = 594.

மீதி கால்சியம் 238, மெக்னீசியம் 136, கூட்டினால் 374. இது கார்பனேட் வழி, தற்காலிகமாகக் காற்றிலிருந்து வாங்கிய பங்கு. அளந்த பைகார்பனேட் 1220ஐ அப்படியே போட்டிருந்தால் சிலிக்கேட் கணக்கு இருமடங்காகியிருக்கும்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும்

மேலே வந்த 594 சரியா? கார்பனேட் மெக்னீசியம் 136 என்கிறது கணக்கு. ஆனால் அந்த வடிநிலத்தில் டோலமைட்டும் (கால்சியம்-மெக்னீசியம் கார்பனேட்) இல்லை, மேக்னசைட்டும் இல்லை. இருப்பது சுக்கான், அதில் மெக்னீசியம் சொற்பம். அப்படியென்றால் அந்த மெக்னீசியம் ஹார்ன்பிளெண்டிலிருந்தும் பயோடைட்டிலிருந்தும் வந்திருக்க வேண்டும். உலக விகிதத்தை விட்டுவிட்டு மெக்னீசியம் 198ஐயும் சிலிக்கேட்டில் சேர்த்தால் விடை 866. ஒரே நீர், ஒரே அளவீடு, விடை 46 சதவீதம் ஏறுகிறது. கால்சியம் விகிதத்தை 0.20 முதல் 0.50 வரை நகர்த்தினால் மட்டும் 517 முதல் 671 வரை போகிறது. ஃபிளேம் போட்டோமீட்டரின் 2 சதவீதப் பிழையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்காகத்தான் தொடக்கத்தில் ஒரே பாறைச் சிற்றோடைகளைக் குறிக்கச் சொன்னது. சுக்கான் விளையாத, மழை மிகுந்த குடகு அல்லது நீலகிரிச் சரிவில், மழைப் பங்கு கழித்த பின் வரும் கால்சியம்/சோடியம், மெக்னீசியம்/சோடியம் விகிதங்களே உங்கள் பாறைக்கான உண்மையான எண்கள். பாறைத் தூளை ஆய்ந்து வரும் விகிதத்தை நேராகப் போடுவதும் தவறு. கனிமங்கள் ஒரே வேகத்தில் கரைவதில்லை. சோடியம்-கால்சியம் ஃபெல்ட்ஸ்பாரான பிளேஜியோகிளேஸ் முந்தும், பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் பிந்தும்.

ஸ்ட்ரான்சியம் ஐசோடோப் வைத்துப் பிரிக்கலாமே என்பார்கள். பழைய கடற்சுண்ணாம்புக்கல் இருக்கும் படுகையில் அது அருமையான கருவி. சுக்கானிடம் அது தோற்கும். சுக்கானே பக்கத்துப் பாறையின் கால்சியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வாங்கி விளைந்ததுதான். அதன் ஐசோடோப் முகம் சிலிக்கேட்டின் முகமாகவே பெரும்பாலும் இருக்கும். சுக்கானின் கால்சியம் முன்பு எப்போதோ சிலிக்கேட்டிலிருந்து கரைந்தது, அன்றே அதன் கார்பன் கணக்கும் முடிந்தது. அதை இன்றைய சிதைவாக மறுபடி எண்ணக்கூடாது.

சிலிக்காவைச் சாட்சியாக வையுங்கள். சோடா ஃபெல்ட்ஸ்பார் கயோலினைட் களிமண்ணாக மாறினால் ஒரு சோடியத்துக்கு இரண்டு சிலிக்கா வெளியேறும். கிப்சைட் வரை போனால் மூன்று. நம் மாதிரியில் சிலிக்கா 380ஐ, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த 290ஆல் வகுத்தால் 1.3. கருமண் களிமண்ணான ஸ்மெக்டைட் உருவாகும் வறண்ட வடிநிலமென்றால் அது இயல்பு. மழை மிகுந்த சரிவில் இந்த எண் வந்தால், பாசி சிலிக்காவைத் தின்றிருக்கிறதா, களர் நிலத்திலிருந்து கூடுதல் சோடியம் இறங்குகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

சல்பேட்டும் நைட்ரேட்டும் கூடினால் பாறையை அரித்த அமிலம் கார்பானிக் மட்டுமல்ல. யூரியா மண்ணில் நைட்ரேட்டாகும்போது விடும் அமிலமும், இரும்பு சல்ஃபைடுக் கனிமமான பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து விடும் கந்தக அமிலமும் கார்பன் டை ஆக்சைடு வாங்காமலே அயனிகளைக் கரைக்கும். நம் மாதிரியில் மழைப் பங்கு போக இவை 88 மைக்ரோசமானம். முழுவதும் சிலிக்கேட்டை அரித்தது என்று கொண்டால் 594 என்பது 506 ஆகும்; முழுவதும் சுக்கானை அரித்தது என்று கொண்டால் சிலிக்கேட் எண் அப்படியே நிற்கும். இரண்டையும் குறிப்பிடுங்கள். காரைப் பக்கம் சல்பேட் ஜிப்சத்திலிருந்து வருவதால் அங்கே இந்தக் கழித்தல் பொருந்தாது. சல்பேட்டுக்கு ஈடான கால்சியத்தை நேராகக் கழிக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

இதற்கொரு எளிய வழி உண்டு. லிட்டருக்கு மைக்ரோமோலை ஆண்டு ஓடுநீர் மில்லிமீட்டரால் பெருக்கினால் நேராகச் சதுர கி.மீ.க்கு மோல் கிடைத்துவிடும். 1 சதுர கி.மீ. மேல் 1 மி.மீ. நீர் என்பது 10 லட்சம் லிட்டர். 594 × 300 = 1,78,200 மோல். கார்பன் டை ஆக்சைடாக 7.8 டன், ஹெக்டேருக்கு 78 கிலோ.

ஒரே ஒரு மாதிரியால் ஆண்டைப் பெருக்கக்கூடாது. ஏப்ரல், மே நீர் பெரும்பாலும் நிலத்தடிக் கசிவு, அடர்வு கூடியது. ஆனால் ஆண்டு நீரில் அதன் பங்கு சிறிது. மேல்படுகையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவத்திலும், தமிழ்நாட்டுக் கிளையாறுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மாதம் இருமுறையாவது எடுங்கள், வெள்ளம் ஏறும்போது ஒன்று, வடியும்போது ஒன்று. பிறகு ஒவ்வொரு அடர்வையும் அந்த நாளின் நீரோட்டத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நீரோட்டத்தால் வகுத்தால் எடையிட்ட சராசரி. நீர் ஆண்டை ஜூன் 1இல் தொடங்குவது வழக்கம். நீரோட்டத் தரவை மத்திய நீர் ஆணையத்தின் அளவீடுகளாக இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். தளத்தில் தேடலாம்.

மேட்டூருக்குக் கீழே நீரோட்டம் மழையைப் பின்பற்றுவதில்லை, மதகைப் பின்பற்றுகிறது. வாய்க்கால்களில் திருப்பிவிட்ட நீரும் சேர்ந்து கணக்கில் வராவிட்டால் ஓடுநீர் அளவு குறைந்து காட்டும். மிகச் சிறிய காட்டோடைகளில் வேறு ஓட்டை இருக்கிறது. பந்திப்பூர் காட்டில் இந்திய-பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீண்டகாலமாகக் கண்காணிக்கும் முலேஹோளே வடிநிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஓடைப் படுகைக்கும் கீழே கிடக்கிறது. கரைந்த அயனிகள் ஓடைக்கு வராமல் அடியிலேயே நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கிணற்று நீரையும் ஆராயாமல் ஓடையை மட்டும் வைத்துச் சொல்லும் எண் குறைவாகத்தான் வரும்.

எண்ணை எப்படி எழுதுவது

மூன்று எண்களைத் தனித்தனியே கொடுங்கள்: சிலிக்கேட் வாங்கியது, கார்பனேட் தற்காலிகமாக வாங்கியது, கடலில் கார்பனேட்டாக நிலைத்து நிற்கப்போவது. மூன்றாவதற்குச் சிலிக்கேட் கால்சியமும் மெக்னீசியமும் மட்டுமே கூட்டப்படும். சோடியமும் பொட்டாசியமும் கடலில் களிமண்ணோடு பரிமாறிக்கொண்டு போகும், சுண்ணாம்பாகப் படிவதில்லை. நம் மாதிரியில் 90 + 62 = 152, ஆண்டுக்குச் சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு. மெக்னீசியம் முழுவதும் சிலிக்கேட் என்றால் 288, 3.8 டன். பாறைத்தூளை வயலில் தூவிக் கார்பன் கடன் விற்கும் திட்டங்களின் அறிக்கையைப் படிக்கும்போதும் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

உலக அளவை மனதில் வைத்துக்கொண்டால் எண் பிசகும்போது உடனே உறுத்தும். எல்லாக் கண்டங்களிலும் சிலிக்கேட் சிதைவு வாங்குவது ஆண்டுக்குக் கார்பனாகச் சுமார் 10 கோடி டன்; புதைபடிவ எரிபொருளால் நாம் விடுவது அதைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அந்த 10 கோடியை நிலப்பரப்பால் வகுத்தால் சதுர கி.மீ.க்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நம் ஓடையின் 1,78,200 மோல் என்பது கார்பனாக 2.1 டன், வெப்பமண்டலத்துக்கு நம்பத்தக்க அளவு. உங்களுக்கு 20 டன் வந்தால் அலகையும், சுக்கானையும், மேலே எங்காவது கழிவுநீர் கலக்கிறதா என்பதையும் இந்த வரிசையிலேயே சரிபாருங்கள்.

பிழை எல்லையை ஒரு பிளஸ்-மைனஸ் சதவீதமாகத் தோராயமாகப் போடாமல், ஒவ்வொரு விகிதத்தையும் அதன் ஏற்ற இறக்கத்துக்குள் 10,000 முறை தற்செயலாக மாற்றிக் கணக்கிட்டு, நடுமதிப்பையும் 5, 95 சதமானங்களையும் தாருங்கள். பைத்தானில் முப்பது வரி, விரிதாளிலும் முடியும். கூடவே நீங்கள் எடுத்துக்கொண்ட சிலிக்கேட் விகிதங்கள், குளோரைடைப் பங்கிட்ட விதம், மின்சமநிலைக்காக ஒதுக்கிய மாதிரிகள் எத்தனை என்பவற்றையும், மூல அளவீடுகள் அத்தனையையும் அட்டவணையாகப் பின்னிணைப்பில் வையுங்கள். நாளை இன்னொருவர் நல்ல விகிதம் கண்டுபிடித்தால், உங்கள் நீரை மறுபடி அள்ளாமலே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.